வெள்ளிக்கிழமைகளில் வராதவர்

உங்கள் பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து, சிரித்த முகத்தோடு, "வீட்டில யார் யார் இருக்கிறீங்க?" என்று கேட்டால் உங்களுக்கு என்ன செய்யும்? எனக்குப் பயம்தான் வரும். போன கிழமை பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்றும் வானுக்குப் புதிதாக வந்த சாரதி என் மகளிடம் அப்படித்தான் கேட்டார். பிள்ளையைப் பொறுப்பெடுக்க வீட்டில் யார் நிற்பார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். நான் மகளின் கையை இழுத்த இழுப்பில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் விழுந்து மூடி உடைந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த உங்களில் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "ஏன் இப்பிடிப் பயப்பிடுறீர்?" என்று ஒருவர் கேட்டும்விட்டார். வெயில், தலைச்சுற்று என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று இந்த வரி வரைக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது. நீங்களும் அந்த யுத்த வருடங்களில் கொழும்பில் வளர்ந்தவர்கள் என்பதால் சில விஷயங்களை விளக்கத் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி. சிங்களப் பெண்மணி, கணவனை இழந்தவர். நான் அவரை ஆன்ட்டி என்பேன். அம்மா நோனா என்பார். பின்னால் ஒரு சின்ன வளவு. அதில் ஒரு ஜாம் மரம், துணி காயப்போடும் கொடி, தண்ணீர்த் தாங்கியைத் தூக்கி வைத்திருந்த சீமெந்து மேடை, இடி விழுந்து தலை கருகிப்போன ஒரு தென்னை. தென்னையின் தலை போய் வெறும் தண்டு மட்டும் நின்றது. அதைத் தறிக்க வேண்டும் என்று ஆன்ட்டி ஒவ்வொரு மாதமும் சொல்வார், ஆள் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவார். வளவின் மதிலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது எங்கள் குசினித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசும்.

அந்த வருடம் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. கனடாவில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசியிருந்தார்கள். அவள் அவரை அங்கே அழைத்து எடுப்பதற்குக் கடிதங்கள் கொடுத்துவிட்டாள். தூதரகத்தில் விசா நேர்முகத்துக்குத் திகதி வந்திருந்தது. வடக்கிலிருந்து வந்த இளைஞனென்றால் இயக்கத்து ஆளோ என்று பிடித்துக்கொண்டு போகும் காலம்; அந்தத் திகதி வரைக்கும் மாமா பிடிபடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் வேலை. பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, தூதரகக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. இருந்தாலும் நகரத்தில் எங்கேயாவது ஒன்று வெடித்தால் அவை வெறும் காகிதம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மாமா வெளியே போகவே மாட்டார். முடி வெட்டுவதுகூட அப்பாதான், அதுவும் சரியில்லாமல்.

நாள் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு இளைஞனுக்கு என்ன செய்யத் தோன்றும்? மாமா பின்வளவைப் பார்த்தார். கடலுக்கு மேலே வட்டமிடும் செம்பருந்துகளைப் பார்த்தார். உடம்பு செம்மண் நிறம், தலையும் நெஞ்சும் வெள்ளை. "அக்கா, ஒண்டை இஞ்ச இறக்கிக் காட்டட்டே?" என்று கேட்டார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்தை இறக்கப் போறாய்?"

"அந்தப் பிராந்தை."

"பிராந்தெண்டு சொல்லாதை. கருடன்."

அம்மாவுக்கு அது விளையாட்டில்லை. கோயில் கும்பாபிஷேகத்தில் மேலே கருடன் வட்டமிட்டால்தான் சனம் கை தூக்கிக் கும்பிடும். அந்தக் கருடன் வீட்டு வளவுக்கே வருமென்றால் விசா கிடைத்த மாதிரித்தான் என்று அம்மா நினைத்தார். மீன் தலையையும் குடலையும் ஒரு பேணியில் போட்டு மாமாவிடம் கொடுத்தார்.

முதல் இரண்டு கிழமையும் காகங்கள்தான் தின்றன. மாமா தாங்கி மேடையில் ஒரு பலகையைக் கட்டி, அதில் மீன் தலையை வைத்துவிட்டுக் குசினி யன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார். முப்பது காகம் வரும். ஒரு செம்பருந்து தாழ இறங்கினாலும் காகங்கள் சேர்ந்து கடல் வரைக்கும் துரத்திவிட்டு வரும். அப்பா வேலை முடிந்து கந்தோரால் வந்து, "என்ன தம்பி, இண்டைக்கு எத்தினை பேருக்கு அன்னதானம்?" என்று கேட்பார்.

மாமா கோபிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினார். காலைப் பத்து மணி ரயில் போனதும் மீன் பொறுக்கும் பருந்துகள் கரைப் பக்கம் வருகின்றன என்று கண்டுபிடித்தார். காகத்துக்கு ஒரு தந்திரம் செய்தார். அம்மா சமைத்ததும் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் உண்டுதானே. அதை முன்பக்கப் பல்கனியில், பத்து மணி ரயிலுக்குச் சரியாக வைக்கச் சொன்னார். அம்மா முன்னால் நின்று "கா, கா" என்று கூப்பிடுவார். காகமெல்லாம் முன்னுக்குப் போகும். பின்னால் மாமா பலகையில் மீன் தலையை வைத்து, ஒரு எனாமல் தட்டில் கரண்டியால் மூன்று தரம் தட்டுவார். விசில் அடிக்க மாட்டார். ரயில் பாதையில் ஆமிக்காரரின் காவல் சென்ரி இருந்தது. விசில் சத்தத்துக்கு வேறு அர்த்தம் எடுத்துவிடுவார்கள்.

வந்தது. முதல் நாள் பலகையில் இருக்கவில்லை. சரிந்து வந்து காலால் அள்ளிக்கொண்டு போய் அந்தத் தலையில்லாத தென்னையில் இருந்து தின்றது. சிறகு மடக்கும் சத்தம், நனைந்த குடையை மடக்கும் சத்தம் மாதிரி, எனக்குக் கேட்டது. அம்மா ஓடிவந்து ஈரக் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அது எலும்பையும் தின்னுது!" என்றேன்.

"அது இல்லை, அவர்," என்றார் அம்மா. "சாமியின்ர வாகனம். அவர் எண்டு சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது அவர்தான். "அவர் வந்திட்டாரோ?" "அவருக்கு எடுத்து வைச்சாச்சே?" "இண்டைக்கு அவர் பிந்திப்போனார்." ஒரு மாதத்தில் தட்டுச் சத்தம் கேட்டவுடன் தென்னையில் வந்து காத்திருக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. மீன்காரனும் அன்றைக்கு எங்கள் வாசல் படலையில் நிற்காமல் சைக்கிளை மிதித்துப் போவான். முதலில் இரண்டு மூன்று வெள்ளி அவர் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருவதையே விட்டுவிட்டார். கடலுக்கு மேலே தூரத்தில் சுற்றுவார், எங்கள் பக்கம் இறங்க மாட்டார்.

"பாத்தியே குஞ்சு, அவருக்கும் வெள்ளி விரதம்," என்றார் மாமா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வருடத்தில் வீடு முழுக்கச் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டிக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒருநாள் அவர் காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பில் மீன் குடல் விழுந்துவிட்டது. மாடிப்படியில் நின்று, தனக்கு வாய்த்த தமிழில் கத்தினார்: "ஒங்க கருடன் என் பெட்ஷீட்டுக்குப் பூஜை வெச்சிட்டார்! இன்னும் ஒரு நாள் வெச்சா நான் அந்த மரத்த வெட்டுறது!" அம்மா அந்த விரிப்பை இரண்டு தரம் தோய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் படியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

நேர்முகத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, பொலிஸார் வந்தார்கள். ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்பா கந்தோருக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாமா சேட்டும் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு, கடித உறையோடு வந்து நின்றார். வந்தவர்கள் மூன்று பேர். எல்லாக் காகிதமும் பார்த்தார்கள். எல்லாம் சரி. வீட்டு ஆட்களின் பதிவு லிஸ்டை மட்டும் கேட்டார்கள். அம்மா அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். மாமா சுவரோடு நின்றார்.

அந்த இடைவெளியில் மூவரில் இளையவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். நல்ல முகம். அதைச் சொல்ல வேண்டும். "துவ, கெதர கவ்த இன்னே?" என்று கேட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் மகள் என்று.

எனக்குச் சிங்களம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தேன், எழுபதுக்குக் குறையாமல் எடுப்பேன், அம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்வார். நான் ஒழுங்காக, பாடம் ஒப்புவிப்பது போல, தாத்தா, அம்மா, மாமா, நான் என்று சொன்னேன்; சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பழகிய பிள்ளை நான்.

"தவ கெனெக் எனவா," என்றேன். இன்னும் ஒருவர் வருவார்.

"ஆ? கவ்த?"

"எயா ஹெமதாம கன்ன எனவா." அவர் ஒவ்வொரு நாளும் சாப்பிட வருவார்.

பெயர் என்ன என்று கேட்டார். கருடன் என்றேன். எங்கிருந்து வருவார் என்று கேட்டார். கடல் பக்கமிருந்து, என்றேன். எந்த வழியால்? பின்பக்கத்தால். யார் சாப்பாடு கொடுப்பது?

"மாமா."

ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், சரியாகச் சொன்னேனா என்று. அவர் சிரிப்பு எந்தப் பதிலில் நின்றது என்று யோசித்திருக்கிறேன். கடல் பக்கம் என்ற பதிலில் என்று நினைக்கிறேன்; கடல்வழியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள் என்று பயந்த காலம். அவர் நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். கொப்பியில் ஒரு பெயரை எழுதினார். மாமாவுக்கு அப்போது சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் பேச்சில் கருடன் என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது; ஏதோ பறவைக் கதை நடக்கிறது என்று நினைத்து, பொலிஸாரைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா லிஸ்டோடு வந்தபோது மாமாவின் கையைப் பிடித்திருந்தார்கள். "ஒரு சின்ன விசாரணை. பின்னேரம் அனுப்புவோம்," என்றார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் படலை வரைக்கும் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "லெட்டர் இருக்கு, லெட்டர் இருக்கு மஹத்தயா!" ஜீப் போய்விட்டது.

பின்னேரம் அனுப்பவில்லை. அப்பா போய்ப் பார்த்தார், உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார்.

"நோனாதான் சொல்லிக் குடுத்திருக்கிறா. பெட்ஷீட் கதையை மனசில வைச்சு."

"விசர்க்கதை கதையாதையும்," என்றார் அப்பா.

"அப்ப எப்பிடி வந்தவங்கள்? எல்லாப் பேப்பரும் சரியெண்டு தாற நேரம் என்னண்டு பிடிச்சவங்கள்?"

நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியவில்லை. நான் சொன்னது எல்லாம் சரியான சிங்களம்தானே? அன்றைக்கு ஆன்ட்டி ஒரு பாத்திரத்தில் ஏதோ கொண்டுவந்து கதவைத் தட்டினார். அம்மா திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, மூச்சுக்கூட விடாமல், அவர் படி இறங்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு பின்வளவுக்குப் போய்ப் பலகையை அவிழ்த்து எறிந்தார். எனாமல் தட்டையும் எறிந்தார். மதிலில் பட்டு அதன் நீல விளிம்பு உரிந்தது.

புதன்கிழமை நான் அந்தத் தட்டைப் பொறுக்கப் போனேன். ஆன்ட்டி துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னா துவ? மாமா வரல்லியா?"

அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன், நான் பொலிஸாரிடம் சொன்ன மாதிரியே, அதே சிங்களத்தில். அவர் வாயில் துணிக்கவ்வியோடு கேட்டுக்கொண்டிருந்தார். "எயா கன்ன எனவா" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடுத்த கணம் துணிக்கவ்வியை எடுத்துவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"எயா என்று மனுசருக்குத்தான் சொல்றது, துவ. மிருகத்துக்கு, பறவைக்கு, ஊ என்று சொல்றது. கெனெக் என்றாலும் மனுசர்தான். நீ ஒரு ஆம்புளை வாரான் என்று சொல்லியிருக்கே."

ஊ என்ற சொல் எனக்குத் தெரியாதது இல்லை. அதை ஒருவருக்குச் சொன்னால் பெரிய மரியாதைக் குறைவு என்று சிங்களம் படிப்பித்த ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை. கருடனுக்கு எப்படி ஊ என்று சொல்வது?

ஆன்ட்டி துணிக் கூடையைப் புல்லில் வைத்துவிட்டு நேரே மேலே ஏறினார். இந்த முறை தட்டவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அம்மா குசினியில் இருந்தார். ஆன்ட்டி பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொல்லி முடித்தபோது அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நோனா," என்றார். கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி ஆர் கேட்டாலும் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு," என்றார்.

வியாழக்கிழமை அப்பாவும் ஆன்ட்டியும் பொலிஸுக்குப் போனார்கள். ஆன்ட்டி கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சாரி கட்டிக்கொண்டு போனார். அங்கே பெரியவர் ஒருவர் முழுக்கக் கேட்டார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "நாளைக்குக் காலமை வாறேன். அந்தப் பறவையைக் காட்டுங்கோ," என்றாராம். அப்பா மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டு வந்தார். நான்கு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் கழுவினார்.

"நாளைக்கு வெள்ளியல்லோ!" என்றார் அம்மா.

முகம் துடைத்துக்கொண்டிருந்த அப்பா துவாயை இறக்கினார்.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்ல? எங்கட பிராந்துக்கு வெள்ளி விரதம் எண்டு பொலிஸ்காரனிட்டச் சொல்லச் சொல்லுறீரோ?"

இப்போது யோசித்தால், ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். காய்ச்சல், கந்தோர் வேலை, எதுவும். அப்பா உண்மையை மட்டும் கொண்டுபோனால் போதும் என்று நம்பிய மனிதர். என்னையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்.

வெள்ளி காலை அப்பா சந்தைக்கு ஓடினார். எங்கள் வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை மீன் வந்தது அதுதான் முதல் தரம். அம்மா அதைத் தொடவில்லை. ஆன்ட்டி தன் கத்தியால் தலைகளை வெட்டித் தந்தார். அப்பா பலகையை மறுபடி கட்டினார், சற்றுக் கோணலாக. ஒன்பதரைக்குப் பெரியவர் வந்தார். அந்த இளைய பொலிஸ்காரரும் வந்திருந்தார்; என்னைப் பார்க்கவில்லை. ஆன்ட்டி வளவில் இரண்டு கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தார். பத்து மணி ரயில் போனது.

தட்டைத் தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமா எப்படித் தட்டுவார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள். விளிம்பு உரிந்த அந்தத் தட்டை எடுத்து மூன்று தரம் தட்டினேன். தென்னந்தண்டில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். அம்மா முன்பக்கம் போய்க் காகத்துக்குச் சோறு வைக்க மறந்துபோனார். பின்வளவில் எங்கள் எல்லோரோடும் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் காகங்கள் எல்லாம் பின்னால் வந்தன. பலகை கறுத்துப்போனது. அப்பா கையை வீசி அவற்றைக் கலைத்தார். கந்தோர்ச் சேட்டோடு, கழுத்துப்பட்டியோடு, "சூ, சூ" என்று அப்பா துள்ளியதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"தட்டு பிள்ளை, தட்டு," என்றார் அம்மா. தட்டினேன். கை வலித்தது.

அப்போது கடலுக்கு மேலே ஒன்று தெரிந்தது. வெள்ளைத் தலை. "அந்தா! அந்தா!" என்று அம்மா கத்தினார். எல்லோரும் பார்த்தோம். பெரியவரும் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். அது அகலமாக ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. இறங்கவில்லை. தெகிவளைப் பக்கம் சரிந்து போய்விட்டது.

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை. கொழும்பு முழுக்கப் பருந்துதான் பறக்கிறது நோனா, என்று ஆன்ட்டியிடம் சிங்களத்தில் சொன்னார். இது எல்லார் வளவுக்கு மேலேயும் பறக்கும். தேநீருக்கு நன்றி என்றார். ஆன்ட்டி அவருக்குப் பின்னால் ஒழுங்கை முனை வரைக்கும் பேசிக்கொண்டே போனார். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள், சனிக்கிழமை, பத்து மணி ரயிலுக்குப் பிறகு அவர் வந்தார். யாரும் தட்டவில்லை. தானாக வந்து தென்னந்தண்டில் இருந்து, கோணல் பலகையில் மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஆன்ட்டி வீட்டுத் தொலைபேசியில் பொலிஸுக்கு எடுத்தார். பெரியவர் இல்லை என்றார்கள். "ஒரு பறவை வந்திருக்கு என்று சொல்லுங்கோ," என்று அப்பா சிங்களத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள். அப்பா பக்கத்து வீட்டில் கமரா இரவல் வாங்கிக்கொண்டு வந்தபோதும் அவர் இருந்தார். ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தைக் கழுவி, ஒரு கடிதத்தோடு கொடுத்தார். கேட்டபோதெல்லாம் கோப்பில் இருக்கிறது என்றார்கள். எங்களிடம் ஒரு பிரதியும் இல்லை.

நேர்முகத் திகதி போனது. அம்மா அன்றைக்குக் காலையில் மாமாவின் சேட்டொன்றை இஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி வைத்தார், ஒருவேளை விட்டுவிடுவார்கள் என்று. பின்னேரம் அதை மடித்து உள்ளே வைத்தார். மாமாவை ஏழு மாதம் வைத்திருந்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை; ஒருநாள் விட்டுவிட்டார்கள். அதற்குள் கனடாப் பெண்ணின் தகப்பனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. மரியாதையான கடிதம். எத்தனை காலம் காத்திருக்கச் சொல்வது என்று அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. மாமா மறுபடி விண்ணப்பிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் ஊருக்குப் போனவர் பிறகு கொழும்புக்கு வரவே இல்லை. என் கலியாணத்துக்கும் வரவில்லை. ஒரு தந்தி அனுப்பினார்.

அம்மா என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. ஆனால் ஒருமுறை, நான் கம்பசில் படிக்கும்போது, குசினியில் மீன் கழுவிக்கொண்டே, "நான்தானே உனக்கு அவர் எண்டு சொல்லப் பழக்கினனான்," என்றார். நான் மீன் கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன். இப்போது எனக்கும் ஒரு மகள். யார் கேட்டாலும் தெரியாது என்று சொல் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா, கேட்டதற்கு உண்மை சொல் என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமா? இரண்டையும் வெவ்வேறு நாட்களில் சொல்லியிருக்கிறேன். அவள் குழம்பித்தான் போயிருக்கிறாள்.

தண்ணீர்ப் போத்தல் உடைந்த அன்று பின்னேரம் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதையை அவரிடம் எடுத்ததே இல்லை. அன்றைக்கு எடுத்தேன். மாமா, நான் ஊ என்று சொல்லியிருந்தால், என்றேன். வெள்ளிக்கிழமை அவர் மட்டும் இறங்கியிருந்தால், என்றேன்.

மாமா சிரித்தார். ஐம்பது கடந்தவரின் சிரிப்பு, நடுவில் இருமல்.

"எட குஞ்சு, நீ இன்னும் அதையே யோசிச்சுக்கொண்டிருக்கிறாய்? அவர் இறங்கியிருந்தாலும் ஒண்டும் ஆகியிராது. முதல் மூண்டு நாளும் பறவை பறவை எண்டுதான் சொன்னனான். பறவையெண்டு சொல்லச் சொல்ல அவங்களுக்கு விசர் கூடினது. பிறகு, சரி, ஆள்தான் எண்டு சொல்லிப்போட்டன். ஆளெண்டால் எப்பிடியிருப்பான் எண்டு கேட்டாங்கள். உயரம் சொன்னன், மீசை வைச்சன், நீலச் சேட்டொண்டும் போட்டுவிட்டன். அதுக்குப் பிறகுதான் விட்டாங்கள் நித்திரை கொள்ள."

"எப்ப மாமா சொன்னீங்கள்?"

"வியாழக்கிழமை. நீங்கள் வளவில நிண்டு தட்டினதுக்கு முதல் நாள். ஆனபடியால் அந்த வெள்ளிக்கிழமையில ஒண்டுமில்லை. விளங்குதே?"

அவர் அதை மிகத் தெளிவாக, கிழமையின் பெயரை அழுத்திச் சொன்னார். வெளியே வந்த அன்று, எங்கள் குசினியில் இருந்து சோறு தின்றுகொண்டே, அடைத்து வைத்த அறைக்கு யன்னல் இல்லை, பகலா இரவா என்றே தெரியவில்லை, ஏழு மாதத்தை நான்கு மாதம் என்று நினைத்திருந்தேன் என்று அம்மாவிடம் சொன்னவர் இவர். நான் அவருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பையோடு நின்று கேட்டிருக்கிறேன். கிழமை எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு பதில் யோசித்து வைத்திருப்பார்.

"விளங்குதோ குஞ்சு? வியாழக்கிழமை."

"ஓம் மாமா," என்றேன்.